மூணாம் நம்பர் காமிரா

9 செப்டம்பர் 2025, செவ்வாய்

இன்று ரசம் வைக்கலாம் என்று ஃப்ரிட்ஜைத் திறந்தேன். பின்வரிசையில் ஒரு டப்பா. உள்ளே கறுப்பாக, உருண்டையாக, கொட்டையோடு. அம்மா கொடுத்தனுப்பிய புளி என்று நினைத்து ஓர் உருண்டையை வெந்நீரில் போடப் போனேன். நல்லவேளை, மூடியில் அபி ஒட்டியிருந்த துண்டுச் சீட்டு கண்ணில் பட்டது. ‘மரநாய் எச்சம், ஓடைக்கரை’ என்று எழுதி, தேதியும் போட்டிருந்தாள்.

போன் போட்டுக் கத்தினேன். “சோத்துப் பானை இருக்கிற ஃப்ரிட்ஜ்ல இன்னாத்துக்கு இத வெச்ச?”

“லேப் ஃப்ரிட்ஜ் ரிப்பேருங்க. ரெண்டு நாள்தான். கொட்டிடாதீங்க, அதுல நெறைய விதை இருக்குது.”

என் ரசம் என்ன ஆயிற்று என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கல்யாணமாகி ஒன்றரை வருஷம் ஆகப்போகிறது. நான் கள்ளக்குறிச்சியில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். அபிநயா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காகக் கல்வராயன் மலையில் ஆராய்ச்சி செய்கிறாள். மாதத்தில் பாதி நாள் கரியாலூரில், சின்னதுரை அண்ணன் வீட்டில் ஓர் அறை எடுத்துத் தங்குகிறாள். மீதி நாள் இங்கே. மலையில் மரவள்ளிக் கொல்லைகளுக்கு நடுவே, ஓடையை ஒட்டிக் கொஞ்சம் காடு மிச்சமிருக்கிறது. அதில் ராத்திரியில் என்னென்ன நடமாடுகின்றன, கோடையில் ஓடை வற்றினால் அவையெல்லாம் எங்கே போகின்றன என்பதுதான் அவள் கேள்வி. அதற்காக எட்டு மரத்தில் எட்டு காமிரா கட்டியிருக்கிறாள். எதிரில் ஏதாவது அசைந்தால் தானாகவே படம் எடுக்கும் காமிரா.

இந்த டைரியையும் அவள்தான் கொடுத்தாள். உரக்கடையில் ஓசியில் வந்தது. “பாக்கறத எல்லாம் தேதி போட்டு எழுதுங்க” என்றாள். பார்த்தேன், எழுதிவிட்டேன்: மரநாய் எச்சம் புளி மாதிரியே இருக்கிறது.

13 செப்டம்பர், சனி

கடை போர்டுக்குக் கீழே தொங்கும் சீரியல் பல்பு ஒயரில் ஒரு தேன்சிட்டு கூடு கட்டுகிறது. போட்டோ எடுத்து அனுப்பினேன். உடனே உத்தரவு வந்தது: சீரியல் பல்பைப் போடக்கூடாது, ஷட்டரைப் பாதிதான் தூக்க வேண்டும். வாடிக்கையாளர்கள் எல்லாரும் குனிந்து வருகிறார்கள். ஒருவர், “இன்னாப்பா, கோயிலா வெச்சிருக்கிற?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

21 செப்டம்பர், ஞாயிறு

அப்பா அம்மாவைப் பார்க்க எலவனாசூர்கோட்டைக்குப் போனோம். அம்மா கோழிக் குழம்பு வைத்திருந்தாள். சாப்பிட்டுக் கை கழுவித் தாழ்வாரத்தில் வந்து உட்கார்ந்ததும் அப்பா ஆரம்பித்தார். அவர் எப்போதும் சாப்பாடு முடிந்துதான் ஆரம்பிப்பார்.

“இன்னாம்மா, இன்னும் எத்தினி நாளைக்கு இந்த மலை? தை வரைக்கும் போய்ட்டு வா. வேணான்னு சொல்லல. தை பொறந்தா நம்ம சொந்தக்காரரு காலேஜ்ல வாத்தியார் வேல இருக்குது. வூட்லேர்ந்தே போலாம், வரலாம்.”

அபி துப்பட்டா நுனியில் ஈரக் கையைத் துடைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். “சரிங்க மாமா” என்றாள்.

எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. எதற்கு மறைக்க வேண்டும்? தினமும் ராத்திரி கடையைப் பூட்டிவிட்டு இருட்டு வீட்டுக்குள் போய் லைட்டைப் போடுவது எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு நாளும் அவளிடம் சொன்னதில்லை.

திரும்பும்போது தியாகதுருகம் தாண்டியதும் பைக்கில் கேட்டேன். “உனக்கு ஒண்ணும் இல்லியே?”

“இல்லீங்க.”

“அந்தக் கோடைக் கணக்கு?”

“இருக்கறத வெச்சு எழுதிக்கலாம்ங்க.”

சரி, அவளே சொல்லிவிட்டாள். ஆள் கெட்டிக்காரி, எழுதிவிடுவாள்.

22 செப்டம்பர், திங்கள்

காலை முதல் பஸ்ஸில் மலைக்குப் போய்விட்டாள். தேன்சிட்டு முட்டை போட்டிருக்கிறது போல, உள்ளே உட்கார்ந்தால் வெளியே வருவதில்லை.

1 அக்டோபர், புதன்

ஆயுத பூஜை. அபி நேற்றே வந்துவிட்டாள். மழைக்காலத்துக்கு முன்னால் சுத்தம் செய்ய வேண்டும் என்று காமிராக்களையும் அவிழ்த்து எடுத்து வந்திருந்தாள். சும்மா விடுவேனா? சால்டரிங் அயன், ஸ்க்ரூ டிரைவர், மல்டிமீட்டர், அதற்குப் பக்கத்தில் எட்டு காமிராவையும் வரிசையாக வைத்து, சந்தனம் குழைத்து, குங்குமம் வைத்து, சூடம் காட்டினேன். காமிராவின் லென்சுக்குக் கீழே நெற்றி மாதிரி அகலமாக வெள்ளையாக ஓர் இடம் இருக்கிறது. பொட்டு அங்கே அமைந்த மாதிரி வேறெங்கும் அமையவில்லை.

அபி சிரித்தாள். “மரநாயி வந்து கன்னத்துல போட்டுக்கும்.”

சீரியல் பல்பு போடவில்லை. கூட்டில் குஞ்சு சத்தம் கேட்கிறது.

18 அக்டோபர், சனி

தீபாவளிக்கு வந்திருக்கிறாள். வந்ததும் வராததுமாக மூணாம் நம்பர் காமிராவை எடுத்து என் மேஜைமேல் வைத்தாள். மற்ற ஏழு காமிராவும் நன்றாக ஓடுகின்றன. இது மட்டும் பதினைந்து நாளாக ஒரு படமும் எடுக்கவில்லை. அதைக் கட்டிய அன்றைக்கு நல்ல மழை. சின்னதுரை அண்ணன்தான் கட்டினாராம், சோதித்துப் பார்க்க முடியவில்லை. “கார்டு போயிருக்குமோ என்னவோ, பாருங்க” என்றாள்.

கேட்க வேண்டும் என்று நினைக்காமலேயே இன்னொன்றும் காதில் விழுந்தது. அவளுடைய ஆராய்ச்சி கைடு சந்தியா மேடம் போன் ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தார். கோடைக்கு மலையில் இருப்பாயா, மாட்டாயா, இந்த மாதத்துக்குள் சொல்லிவிடு, இல்லையென்றால் காமிராக்களை வேறு மாணவருக்குக் கொடுக்க வேண்டும் என்கிறார். அபி “சொல்றேன் மேடம்” என்று வைத்துவிட்டாள். அதைப் பற்றி என்னிடம் பேசவில்லை. நானும் பேசவில்லை. அவள்தான் முடிவு எடுத்துவிட்டாளே.

20 அக்டோபர், திங்கள்

தீபாவளி. பட்டாசுச் சத்தத்தில் தேன்சிட்டு என்ன ஆகுமோ என்று காலையில் கடைக்குப் போய்ப் பார்த்தேன். குஞ்சுகள் எப்போதோ பறந்துவிட்டிருக்கின்றன. கூடு காலி. எனக்குச் சொல்லாமல் போய்விட்டன.

22 அக்டோபர், புதன்

இதை எப்படி எழுதுவது?

இன்று கூட்டமில்லை. மூணாம் நம்பர் கார்டை எடுத்து, அழிந்த படங்களை மீட்கும் சாஃப்ட்வேரில் போட்டேன். கடையில் எனக்கு ஒரு விதி உண்டு. யாருடைய கார்டிலிருந்து எதை மீட்டாலும் படங்களைத் திறந்து பார்க்க மாட்டேன். வந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். இன்றைக்கு அந்த விதி ஞாபகத்துக்கே வரவில்லை. மரநாய்க்கு என்ன அந்தரங்கம் என்று திறந்துவிட்டேன்.

பதினைந்து நாள் படம் ஒன்றுமே இல்லை. எடுத்திருந்தால்தானே இருக்கும். ஆனால் அதற்கு முன்னால் அவள் அழித்த பழைய படங்களெல்லாம் வந்துவிட்டன. சிலது பாதி சாம்பல் நிறமாக, சிலது முழுசாக. எல்லாவற்றிலும் அபிதான்.

காமிராவைக் கட்டியதும் அது வேலை செய்கிறதா என்று சோதிக்க வேண்டும். மிருகம் போகிற உயரத்தில் யாராவது போக வேண்டும். அதனால் இவளே போயிருக்கிறாள். நாலு காலில். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, தலைமுடியில் சருகோடு, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி முள்ளம்பன்றி மாதிரி. அடுத்ததில் நாக்கைத் துருத்திக்கொண்டு. இன்னொன்றில் கொய்யாவைக் கடித்துக்கொண்டு ஓடைக்குள் காலை விட்டு உட்கார்ந்திருக்கிறாள். ஒன்றில் சருகின்மேல் மல்லாந்து படுத்திருக்கிறாள். மேலே என்ன இருந்ததோ தெரியாது, வாய் முழுக்கத் திறந்து சிரிக்கிறாள். கடைவாய்ப் பல் தெரிகிறது.

இந்தச் சிரிப்பை நான் பார்த்ததே இல்லை. ஒன்றரை வருஷம். என்கூட இருக்கிறாள், சிரிக்கிறாள், கிண்டல் செய்கிறாள். ஆனால் இந்தச் சிரிப்பு வேறு. முதலில் பொறாமையாக இருந்தது. ஓடையைப் பார்த்து ஒருவன் பொறாமைப்படுவானா? பட்டேன்.

கடைசியில் இருந்தவை செப்டம்பர் 25 தேதி போட்ட படங்கள். அப்பா பேசிய அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு. அவற்றில் அவள் தவழவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறாள். அசைந்தால்தானே படம் விழும்? துப்பட்டாவால் முகத்தைத் துடைக்கும்போதெல்லாம் விழுந்திருக்கிறது. துடைக்கிறாள். மறுபடியும் துடைக்கிறாள். வெயில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்விட்டது. அவள் அங்கேயேதான் இருக்கிறாள்.

ஒண்ணும் இல்லீங்கன்னு சொன்னியே. பைக்ல என் முதுகுக்குப் பின்னால உக்காந்துக்கினு சொன்னியே. நானும் கேட்டுக்கினு ஜாலியா வண்டி ஓட்டிக்கினு வந்தேனே. பேர்ல மட்டும் அறிவுச்செல்வன். ஆசையா வெச்சாரு அப்பா.

அப்புறம்தான் காமிராவைத் திறந்து பார்த்தேன். உள்ளே எல்லாம் சரி. வெளியே அந்த வெள்ளை நெற்றியில் விரலை வைத்தால் வழவழவென்று ஒரு படலம். மோந்து பார்த்தேன். சந்தனம். அதுதான் அசைவை உணரும் கண்ணாம். குங்குமம் மழையில் கரைந்து போயிருக்கிறது, சந்தனம் காய்ந்து ஒட்டிக்கொண்டது. மற்ற ஏழையும் அபி துடைத்துவிட்டுக் கட்டியிருக்கிறாள். சின்னதுரை அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“சாமிக்கு வெச்ச பொட்ட எப்பிடிப்பா தொடைக்கறது? அப்பிடியேதான் கட்டுனேன்” என்றார்.

நான் வைத்த பொட்டு. அவரைச் சொல்லி என்ன.

23 அக்டோபர், வியாழன்

படங்களைப் பார்த்ததை இன்னும் சொல்லவில்லை. பொட்டைப் பற்றி மட்டும் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டாள். சாப்பிடும்போது அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன் போல. “இன்னாங்க, மூஞ்சியில ஏதாவது ஒட்டிக்கினு இருக்குதா?” என்று கேட்டாள்.

24 அக்டோபர், வெள்ளி

சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அபிக்குக் கோபம் வந்தது. அவள் கோபப்பட்டால் கத்த மாட்டாள், மரியாதை ஜாஸ்தியாகிவிடும். “அழிச்சதுங்க அது. அழிச்சத எடுத்துப் பாக்கலாமாங்க? உங்க கடைக்கு வர்றவங்களுதுன்னா பாப்பீங்களா?”

பார்க்க மாட்டேன். தப்புதான் என்றேன்.

விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

26 அக்டோபர், ஞாயிறு

நேற்று முழுக்கப் பேசவில்லை. தோசை மட்டும் வந்தது, மூன்று, முறுகலாக. கோபத்திலும் முறுகலாகத்தான் ஊற்றுகிறாள்.

இன்று காலை துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனாள். நானும் வாளியைத் தூக்கிக்கொண்டு போனேன். பிழிந்து கொடுத்துக்கொண்டே கேட்டேன்.

“உனக்குப் போவணும்னு இருந்துச்சே. அப்புறம் ஏன் அப்பாகிட்ட சரின்ன?”

அவள் என் சட்டையை உதறிக் கொடியில் போட்டாள். கிளிப் மாட்டினாள். அப்புறம்தான் பதில் சொன்னாள்.

“மாமா சொன்னப்போ உங்க மூஞ்சியப் பாத்தேங்க. அவ்ளோ சந்தோஷமா இருந்தீங்க. அப்பிடி ஒரு மூஞ்சிய நான் பாத்ததே இல்ல. அதான் சரின்னேன்.”

ஈரத் துணியோடு நின்றேன். நான் பார்க்காத சிரிப்பு அவளுக்கு மலையில் இருந்தது. அவள் அதுவரை பார்க்காத சந்தோஷம் எனக்கு அப்பா வீட்டுத் தாழ்வாரத்தில் வந்தது. எனக்கு அது கிடைக்கட்டும் என்று இவள் தன்னுடையதை எடுத்துக் கொடுத்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள்.

“அழுதா சொல்லக்கூடாதா?” என்றேன்.

“தனியா இருக்கக் கஷ்டமா இருக்குதுன்னு நீங்க சொன்னீங்களா?”

இல்லை. நானும் சொல்லவில்லை.

“இப்ப சொல்றேன். கஷ்டமாத்தான் இருக்குது. ரொம்ப. ஆனா நீ போ. மேடத்துக்கு இன்னிக்கே போன் பண்ணு.”

“மாமா?”

“அப்பாவ நான் பாத்துக்கறேன்.”

சொல்லிவிட்டேன். அப்பாவை நான் எப்படிப் பார்த்துக்கொள்வது? இதுவரைக்கும் அவர்தான் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

2 நவம்பர், ஞாயிறு

தனியாக எலவனாசூர்கோட்டைக்குப் போனேன். வழியெல்லாம் ஒத்திகை. அப்பா ஆதிமூலம் ஊரில் நாலு பேருக்கு வழக்குத் தீர்த்து வைக்கிறவர். வாயைத் திறந்தால் நம் வாய் மூடிக்கொள்ளும். அதனால் சாப்பாட்டுக்கு முன்னாலேயே ஆரம்பித்தேன்.

“அபி காலேஜ் வேலைக்குப் போவலப்பா. கோடை முழுக்க மலையிலதான் இருப்பா.”

“அவளே சரின்னாளே?”

“எனக்காகச் சரின்னா.”

அப்பா துண்டை எடுத்து மடியில் போட்டார். “நானும் உனக்காகத்தாண்டா சொன்னேன். உங்கம்மா தெனிக்கும் பொலம்பினா. புள்ள தனியா கெடக்கறான், தோசயச் சுட்டுத் துன்னுக்கினு இளைச்சிப் போறான்னு.”

அம்மா சமையற்கட்டிலிருந்து கரண்டியோடு வந்தாள். “எம்மேல ஏன் போடற? இவன் மூஞ்சியப் பாத்துத்தான் சொன்னேன். வர்றப்ப எல்லாம் மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு வந்தான். வாயத் தொறந்து கேட்டா ஒண்ணும் இல்லம்மான்னான்.”

ஆக, மூன்று பேரும் என் மூஞ்சியைப் பார்த்தே முடிவு எடுத்திருக்கிறார்கள். ஒருத்தரும் என்னைக் கேட்கவில்லை என்று கோபப்படலாம் என்றால், கேட்டபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. யாருக்கும் வேண்டாத ஒரு முடிவை எல்லாருமாகச் சேர்ந்து எடுத்து வைத்திருந்தோம்.

“அவ இல்லாம எனக்குக் கஷ்டந்தான்” என்றேன். “ஆனா அவ அங்க போவலன்னா அதவிடக் கஷ்டம். நான் பாத்துட்டேன்பா.” எதைப் பார்த்தேன் என்று சொல்லவில்லை. அது அவளுடையது.

அப்பா மடியிலிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டார். “ஊர்ல கேட்டா இன்னா சொல்றது?”

“மருமவ ஆராய்ச்சி பண்றான்னு சொல்லு.”

“இன்னா ஆராய்ச்சின்னு கேட்டா?”

அம்மா முந்திக்கொண்டாள். “முள்ளம்பன்னின்னு சொல்லேன். போன வருசம் நம்ம மரவள்ளியத் தோண்டிட்டுப் போச்சே, அப்ப ராவெல்லாம் காவல் காத்துக்கினு கெடந்தியே. அது எங்க போவுது எங்க வருதுன்னு ஒருத்தி கண்டுபுடிச்சா உனக்கு இன்னா நஷ்டம்?”

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க இருமினார். “ஒரு கோடதான?”

“ஒரு கோடதான்.”

“சரி, போவட்டும். சோறு போடுடி.”

17 நவம்பர், திங்கள்

மழை. மலைக்கு பஸ் இல்லை. அபி வீட்டில்தான். கணினியில் காமிராப் படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், வெங்காய பஜ்ஜி நான் போட்டேன். அவளுக்கு நான்கு, எனக்கு மீதி.

15 ஜனவரி 2026, வியாழன்

பொங்கல். அப்பா பங்காளி ஒருவரை உட்காரவைத்து முள்ளம்பன்றி முள்ளை எய்யாது, சும்மா கதை என்று விளக்கிக்கொண்டிருந்தார். அபி சொல்லிக்கொடுத்ததுதான். தானே மலையில் போய்ப் பார்த்துவிட்டு வந்த தோரணை.

2 மார்ச், திங்கள்

காலையில் பஸ் ஏற்றிவிட்டேன். சித்திரை கடைசி வரைக்கும் அங்கேதான். கச்சிராயபாளையம் தாண்டியதும் போன் பண்ணினாள்.

“எப்பிடி இருக்கீங்க?”

“நல்லால்ல” என்றேன்.

“எனக்கும்தாங்க” என்றாள். அப்புறம், “இப்பிடிச் சொல்றது நல்லா இருக்குது” என்றாள்.

வீடு வெறிச்சென்று இருக்கிறது. சோறு குழைந்துவிட்டது. எழுதியாயிற்று.

12 ஏப்ரல், ஞாயிறு

கடைக்கு லீவு விட்டுவிட்டு, காமிராவுக்கு பேட்டரி வாங்கிக்கொண்டு முதல் பஸ்ஸில் மலை ஏறினேன். ஓடையில் தண்ணீர் இல்லை, வெறும் உருண்டைக் கல். அபி முன்னால் நடந்தாள், நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால். வெகு தூரம் மேலே போனதும் இரண்டு பாறைக்கு நடுவே ஒரு குழி. அண்டா அளவுக்குத்தான் தண்ணீர். சுற்றிலும் ஈர மண்ணில் கால் தடங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக.

“எல்லாம் இங்கதாங்க வருது” என்றாள். “மரநாயி, முள்ளம்பன்னி, கீரி, எல்லாமே. வரிசையில நின்னு குடிக்கிற மாதிரி ஒண்ணு போனதும் ஒண்ணு. போன வாரந்தான் கண்டுபுடிச்சேன்.” சந்தியா மேடத்திடம் சொன்னபோது அவர் போனிலேயே கைதட்டினாராம்.

அந்தக் குழிக்கு எதிரே ஒரு வேப்பமரத்தில் மூணாம் நம்பரைக் கட்டினாள். கட்டி முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். “போங்க.”

“எங்க?”

“நீங்கதான் முள்ளம்பன்னி. நாலு கால்ல வாங்க. மெதுவா.”

பேன்ட் போட்டுக்கொண்டு வந்தது தப்பு. கல் முழங்காலைக் குத்தியது. ஆனாலும் போனேன். தலையைத் தாழ்த்தி, உறுமிக்கொண்டு, தண்ணீர் குடிக்கிற மாதிரி எல்லாம் செய்தேன். முள்ளம்பன்றி உறுமுமா என்று தெரியாது. திரும்பும்போது கால் வழுக்கி ஒரு கை குழிக்குள் போய்விட்டது.

பின்னால் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அபி சருகின்மேல் உட்கார்ந்துவிட்டிருந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வாய் முழுக்கத் திறந்து, கடைவாய்ப் பல் தெரிய. நிறுத்தப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள், மறுபடியும் ஆரம்பிக்கிறாள். நடுவில் மூக்கால் ஒரு சத்தம் வருகிறது, விக்கல் மாதிரி.

கடைக் கணினியில் எத்தனை முறை பார்த்திருப்பேன் அந்தச் சிரிப்பை. படத்தில் சத்தம் கேட்காது. இன்றைக்குக் கேட்டேன்.

கடைசி பஸ்ஸை விட்டுவிட்டேன். சின்னதுரை அண்ணன் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். கடையை நாளை மத்தியானம் திறந்துகொள்ளலாம்.